வெள்ளவத்தை டொக்டரம்மாவின் காரும் ஒரு கேஸ்கட்டும்

இப்போதெல்லாம் கார் கரைச்சல் கொடுத்தால் முதலில் ஒரு வயரைக் குத்துகிறார்கள். உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று நோயின் பெயரை எழுத்தில் காட்டிவிடுகிறது. நான் வேலையை விட்டு வீட்டோடு இருந்தாலும் கொட்டாஞ்சேனையில் என் பழைய கராஜுக்கு அடிக்கடி போவேன். தேநீர் கிடைக்கும், வம்பும் கிடைக்கும். அண்மையில் போனபோது அங்கே வேலை செய்கிறவர்கள் அந்தப் பெட்டியை என் கையில் தந்து, "செல்வராஜ் அண்ணே, இது இல்லாம நீங்க எல்லாம் எப்படித்தான் சமாளிச்சீங்க?" என்று கேட்டார்கள்.

பெட்டியின் மேல் எனக்குக் கோபம் கிடையாது, பொறாமைதான். எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் என் முதுகு இன்றைக்குக் கொஞ்சம் நேராக இருந்திருக்கும். அவர்கள் கேட்டதற்குப் பதிலாக ஒரு கதையைத் தொடங்கினேன். பாதியில் ஒரு வாடிக்கையாளர் பிரேக் பிடிக்கவில்லை என்று அலறிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டார். ஆகவே முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். கொழுந்து பறிக்கக் கை வராது, எஞ்சின் என்றால் பைத்தியம். அதனால் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் அந்தக் கராஜில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் டயர் கழற்றினேன், ஒயில் மாற்றினேன், சைலன்சரில் கையைச் சுட்டுக்கொண்டேன். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது பிலோமினா மிஸ்ஸைப் பற்றித்தான்.

கராஜ் அவருடைய அப்பாவினுடையது. அப்பா காலமானதும் எல்லாரும் மகள் அதை விற்றுவிடுவாள் என்று நினைத்தார்கள். மகளோ அடக்கம் முடிந்த மறுநாள் காலை பூப்போட்ட கவுன் ஒன்றை உடுத்துக்கொண்டு, கழுத்தில் ஜெபமாலையோடு வந்து, வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு பல வருடங்கள் எழும்பவே இல்லை. சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசமாட்டார். எங்கள் எல்லாரையும் 'நீங்க' என்பார். மதில் பூச வந்த மேசன், பூனை, பழுதான லொறி, எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை. வேலை பிழைத்தால் மட்டும், "மன்னிச்சுக்கொள்ளுங்க, இன்னொருக்காக் கழட்டுங்க" என்பார். திட்டு வாங்கினவன் தேநீரைக் குடித்துவிட்டு மறந்துவிடுவான். அந்த 'மன்னிச்சுக்கொள்ளுங்க'வை வாங்கினவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அவரிடம் சில சட்டங்கள் இருந்தன. கழற்றிய நட்டுகளைப் பழைய செய்தித்தாளில், எந்த இடத்தில் இருந்ததோ அதே ஒழுங்கில் அடுக்க வேண்டும். கைக்கு முன்னால் காது வேலை செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனைச் சாவடிப் பரீட்சை. திருத்தி முடித்த கார் எதுவும் நேரே ரோட்டுக்குப் போக முடியாது. பிலோமினா மிஸ் கேட்டடியில் கூட்டுகிற தும்புத்தடியைச் சிப்பாயின் துவக்கு மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாங்கள் காரை மெல்லக் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அடையாள அட்டையை நீட்ட வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், திரும்ப முன்பக்கம் என்று வாசிப்பார். அதற்குள் எஞ்சின் நின்றால் தோல்வி. ரோட்டால் போகிறவர்கள் நின்று சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அது யுத்தம் நடந்த காலம். கொழும்பில் நாலு திருப்பத்துக்கு ஒரு சாவடி. ஒவ்வொன்றிலும் துவக்கோடு ஓர் இளைஞன், தூக்கமில்லாத கண்ணோடு.

எஞ்சின் மூச்சு இழுக்கும் குழாய்க்கு மெனிபோல்ட் என்று பெயர். அது எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் என்ற மெல்லிய அட்டை ஒன்று இருக்கும். அந்த அட்டை வெந்து சுருங்கினால், பெற்றோல் கலக்காத வெறுங்காற்று இடுக்கால் உள்ளே போகும். 'எயார் இழுக்குது' என்போம். வேகமாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து நிறுத்தும்போதுதான் எஞ்சின் திக்கித் திணறி அணைந்துவிடும். அமைதியான ஊரில் இது ஒரு தடிமன் காய்ச்சல் மாதிரி, பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான், அவ்வளவுதான். எங்கள் கொழும்பில் கார் நிற்க வேண்டிய இடமெல்லாம் சாவடியாக இருந்தது. அங்கே அணைந்த கார் கிளம்பாவிட்டால் சிப்பாய்க்கும் வியர்க்கும், உள்ளே இருப்பவருக்கும் வியர்க்கும். உள்ளே இருப்பவர் தமிழர் என்றால் கொஞ்சம் கூடுதலாக வியர்க்கும்.

இதற்கு நம் ஆட்கள் ஒரு கைவைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கால் எடுத்த பிறகும் எஞ்சின் தானாக மெல்ல ஓடுவதை 'ஸ்லோ' என்போம். அதைக் கூட்டிக் குறைக்கக் காபரேட்டரில் ஒரு ஸ்க்ரூ உண்டு. அதைத் திருகி ஏற்றிவிட்டால் ஓட்டை இருந்தாலும் எஞ்சின் அணையாது. தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் பாதிக் கார்கள் அப்படித்தான் ஓடின. ஆனால் நிற்கும்போதும் அவை கயிற்றை அறுக்கப் பார்க்கும் மாடு மாதிரி உறுமும். சாவடியில் உறுமிக்கொண்டு நிற்கும் காரைப் பார்த்தால் சிப்பாய் என்ன நினைப்பான்? ஓடப் பார்க்கிறான் என்றுதானே? வேறு ஊரில் இது வெறும் சோம்பல் வேலை, எங்கள் ஊரில் உயிர் ஆபத்து. பிலோமினா மிஸ்ஸுக்கு அந்த ஸ்க்ரூவைத் தொட்டாலே பிடிக்காது. "நோயை மறைக்கிறதுக்கு இல்ல அதை வச்சிருக்கிறது" என்பார்.

காரைக் கராஜுக்குக் கொண்டுவரவே பலர் பயந்தார்கள். வழியில் எத்தனை சாவடி? அதனால் நான் வீடு வீடாகப் போய்த் திருத்தும் ஆளானேன். கார் போகப் பயப்படும் வழியில் நான் பஸ்ஸில், மெக்கானிக் ஆயுதங்களைத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் நாளே இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கொட்டிப் பார்த்தார்கள். வயர் இரண்டு தொங்கும் டெஸ்ட் லாம்ப் ஒன்று இருந்தது. அது என்னவென்று விளங்கப்படுத்துவதற்குள் நான் போக வேண்டிய பஸ் மூன்று போய்விட்டன. பிலோமினா மிஸ் யோசித்து, மீன் வாங்கப் போகும் பிளாஸ்டிக் கண்ணறைக் கூடை ஒன்றைத் தந்தார். "எல்லாம் வெளிய தெரியட்டும்" என்றார். அன்றிலிருந்து ஸ்பேனர், சுத்தியல், கேஸ்கட் தாள் எல்லாம் மீன் கூடையில்தான். சாவடிக்காரர்கள் தூரத்திலிருந்தே பார்த்துச் சிரித்து, "யன்ன, யன்ன" என்று போகச் சொல்லிவிடுவார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையில் போய் முடியும் ஒழுங்கை ஒன்றுக்குப் போனேன். டொக்டர் மகேஸ்வரியின் வீடு. மெலிந்து உயர்ந்த பெண்மணி, நரைத்த கொண்டை, கணவர் இல்லை, ஒரே மகன் மெல்பனில். அந்தப் பக்கத்தில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் படுக்கையில் கிடந்த கிழவர் கிழவிகளுக்கு அவர்தான் கடவுள். வீட்டுக்குப் போய் ஊசி போடுவார், புண் கட்டுவார், பிள்ளைகளின் கடிதத்தையும் வாசித்துக் காட்டுவார். எல்லாம் தன்னுடைய பழைய பச்சை இங்கிலீஷ் காரில்.

காரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். உறுமியது. நான் கேட்காமலே பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் ஒரு வழுக்கைத் தலை எழும்பியது.

"தம்பி, அந்த ஸ்க்ரூவை நான்தான் கொஞ்சம் ஏத்திவிட்டனான். டொக்டருக்குக் கார் நிண்டு நிண்டு போகுதெண்டு."

அவர் கனகசபை ஐயா, நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். பிரஷர்காரர், டொக்டரம்மாவின் நிரந்தர நோயாளி.

டொக்டரம்மா எஞ்சினை அணைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"தம்பி, நடந்ததைச் சொல்லிவிடுறன். போன கிழமை காலி வீதிச் சாவடியில கால் வழுக்கி கிளட்சை விட்டிட்டன். உறுமிக்கொண்டு நிண்ட கார் முன்னுக்குப் பாய்ஞ்சுது. ஒரு ஆமிப் பெடியன் துவக்கை நீட்டிட்டான். 'எஞ்சின் பழுது, எஞ்சின் பழுது' எண்டு சிங்களத்தில கத்துறன், அவனுக்குக் கேக்கேல்லை. மற்றவன் ஓடிவந்து அவன்ர கையைப் பிடிச்சபடியால் இண்டைக்கு உங்களோட கதைச்சுக்கொண்டு இருக்கிறன்."

"ஐயோ, டொக்டரம்மா."

"வீட்ட வந்து கையைப் பாத்தன், நடுங்கிச்சுது. நடுங்கிற கையால ஊசி போடக்கூடாது. மகன் கனகாலமா வாங்கோ வாங்கோ எண்டு நிக்கிறான். அண்டைக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன். திங்கக்கிழமை ஒருத்தர் கார் பாக்க வாறார். வாங்கிற மனுசனுக்கும் இந்த ஆபத்தைக் குடுக்க ஏலாது. அதாலதான் உங்களைக் கூப்பிட்டனான். வடிவாத் திருத்திவிடுங்கோ."

சொல்லிவிட்டுத் தேநீர் போட எழும்பினார். நான் காருக்குத் திரும்பினேன். கனகசபை ஐயா இப்போது மதிலைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றார். குரலை இறக்கிக்கொண்டார்.

"தம்பி, உம்மட்ட ஒண்டு கேக்கிறன். வடிவாத் திருத்தாதையும்."

"என்னங்கய்யா சொல்றீங்க?"

"கார் சரிவந்தால் வித்துப்போடுவா. வித்தால் போய்விடுவா. இந்த ஒழுங்கையில நாங்கள் பதினைஞ்சு கிழடுகள் இருக்கிறம். ஆஸ்பத்திரிக்குச் சாவடி தாண்டிப் போய்ச் சிங்களத்தில வருத்தம் சொல்ல எங்களுக்கு ஏலுமோ? கொஞ்சம் இழுபறியா விடும். நான் உமக்கு நல்ல மாம்பழம் தாறன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவருடைய கண் கலங்கியிருந்தது. திருத்தினால் ஒழுங்கைக்கு டொக்டர் இல்லை. திருத்தாவிட்டால் என்றைக்காவது ஒரு சாவடியில் டொக்டரே இல்லை. நான் மீன் கூடையிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். வேறு என்ன செய்வது?

முதலில் ஸ்க்ரூவை இறக்கினேன். எஞ்சின் இருமி, குலுங்கி, அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் பண்ணி, தேநீரோடு வந்த டொக்டரம்மாவிடம் காலை மெல்ல அக்சிலரேட்டரில் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, சவர்க்காரத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு மெனிபோல்ட் மூட்டு நெடுகப் பூசினேன். இதுதான் எங்கள் பெட்டி. ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீரை எஞ்சின் உறிஞ்சும், சத்தம் மாறும். நடு மூட்டில் நுரை உள்ளே போவது கண்ணுக்கே தெரிந்தது. கேஸ்கட் போய்விட்டது. சின்ன வேலை என்று நினைத்தேன். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடலாம் என்றும் நினைத்தேன்.

கடற்காற்று படும் வீட்டில் நட்டுகள் லேசில் அசையமாட்டா. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, தட்டித் தட்டிக் கழற்றினேன். காபரேட்டர் வந்தது, பிறகு மூச்சு இழுக்கும் குழாயும் புகை விடும் குழாயும் வந்தன. அந்தக் காரில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே கேஸ்கட்டின் மேல் உட்காரும். பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்தேன். குழாயின் முகம் வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சமமான பலகை வேண்டும். டொக்டரம்மா வரவேற்பறைக் கண்ணாடி மேசையைக் காட்டினார். "அதுக்கு மேலயா?" என்று நான் தயங்க, "அது இனி ஆருக்கு?" என்றார். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. குழாயை மேசையில் கவிழ்த்து, அடியால் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை, முகம் நேராகத்தான் இருந்தது.

புதுத் தாளை மெனிபோல்டின் மேல் விரித்து, சின்னச் சுத்தியலால் விளிம்பு நெடுக மெல்லத் தட்டினேன். தட்டத் தட்ட இரும்பின் விளிம்பே தாளை வெட்டிவிடும். கத்தரிக்கோல் தேவையில்லை. கனகசபை ஐயா நில அளவைக்காரர் அல்லவா, குனிந்து பார்த்து, "நல்ல சுத்தமான எல்லை" என்று தன்னை மறந்து பாராட்டிவிட்டார். பிறகுதான் தன் கட்சி எதுவென்று ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி நட்டுகளை இறுக்கினேன். எல்லாம் பிலோமினா மிஸ்ஸின் சட்டப்படி.

ஸ்டார்ட் பண்ணினோம். எஞ்சின் கொஞ்சம் ஓடியது, இருமியது, அணைந்தது.

கனகசபை ஐயா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

மறுபடி சவர்க்காரத் தண்ணீர் பூசினேன். மேலே எந்த இடத்திலும் நுரை உள்ளே போகவில்லை. கீழ்ப்பக்கமோ கண்ணுக்கும் தெரியாது, பிரஷ்ஷும் எட்டாது. நட்டுகளை இன்னும் இறுக்கிப் பார்த்தேன். அப்போதும் அதே இருமல். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. டொக்டரம்மா என்னை மேசையில் இருத்தி, சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் போட்டார். நான் பேசாமல் சாப்பிட்டேன். பேசாமல் சாப்பிடும் மெக்கானிக்கைப் பார்த்தால் யாருக்கும் விளங்கிவிடும்.

"என்ன தம்பி, நோய் பிடிபடேல்லையோ?"

"எயார் இழுக்குதுங்க. எந்த எடத்துலன்னு தெரியல. கீழ்ப்பக்கம் காது குடுக்க முடியல."

அவர் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கழுத்தில் ஸ்டெதஸ்கோப். நுனியில் இருந்த வட்டத்தைக் கழற்றி, வெறும் குழாயை மட்டும் வைத்திருந்தார்.

"எஞ்சினை ஓட விடுங்கோ" என்றார்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பொனட்டுக்குள் குனிந்தார். நான் காருக்குள் இருந்து அக்சிலரேட்டரை மெல்ல மிதித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். குழாயின் நுனியை மூட்டின் அடியில் மெல்ல நகர்த்தினார், நிறுத்தினார், பின்னுக்குக் கொண்டுபோனார், திரும்ப அதே இடத்துக்கு வந்தார். கனகசபை ஐயா மூச்சு விடவில்லை. எனக்கு அந்த முகத்தை இன்றைக்கும் மறக்க முடியாது. ஊரை விட்டுப் போகிற ஒரு கிழவியின் முகம் இல்லை அது. வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு டொக்டரின் முகம்.

"இதில இருக்கு" என்றார். "பின் கடைசி மூட்டு, அடிப்பக்கம். விசில் அடிக்குது. நீங்களும் கேட்டுப் பாருங்கோ."

கேட்டேன். ஐயோ, எவ்வளவு தெளிவாகக் கேட்டது! அந்தச் சின்ன விசிலைக் கேட்டதும் எனக்குக் கல்யாண வீட்டு நாதஸ்வரம் கேட்ட மாதிரிச் சந்தோசம். "பிடிச்சிட்டீங்க டொக்டரம்மா!" என்று கத்திவிட்டேன். அவரும் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். புதுக் கேஸ்கட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாக இறுகிய இடத்தில் இரும்பின் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். புகைக் குழாய்ப் பக்கம் தடம் ஆழம். மூச்சுக் குழாய்ப் பக்கம், அதுவும் பின் மூட்டில், தாள், கடையில் வாங்கியபடியே தடமில்லாமல் இருந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒவ்வொரு நட்டின் கீழும் ஒரு தடித்த வாஷர். அந்த ஒரே வாஷர்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு குழாயிலும் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகளை, எங்கள் பேச்சில் காதுகளை, சேர்த்து அழுத்துகிறது. இரண்டு காதும் ஒரே தடிப்பாக இருக்க வேண்டும். ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு என்றால்? நெட்டையனும் குட்டையனும் பாடை தூக்கின மாதிரி, பாரம் முழுவதும் நெட்டையன் தோளில்தான்.

"இந்த மூச்சுக் குழாய் எப்பவாச்சும் மாத்தினதுங்களா?"

"வெடிச்சுப்போச்செண்டு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில ஒண்டு வாங்கிப் போட்டவை."

வேறு காரின் குழாய். காது மெலிவு. அவ்வளவுதான் நோய்.

வழி இரண்டு இருந்தது. மெலிந்த காதின் மேல் பால்மா டின் தகரத்தை வெட்டி வைத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். இல்லாவிட்டால் புகைக் குழாயின் தடித்த காதுகளை அரத்தால் ராவிச் சமப்படுத்த வேண்டும். வார்ப்பிரும்பு, கை கழன்றுவிடும். டொக்டரம்மாவின் போனில் கராஜுக்கு எடுத்து பிலோமினா மிஸ்ஸிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"தகரம் கொஞ்ச நாளைக்கு இருக்குந்தானே செல்வராஜ்?"

"இருக்கும் மிஸ்."

"அது நழுவுற நேரம் அந்த நோனா சாவடியில இருந்தா, நீங்க பக்கத்துல இருப்பீங்களா?"

நான் கையில் இருந்த பால்மா டின்னைக் கீழே வைத்தேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

ராவினேன். பின்னேரம் வரைக்கும் ராவினேன். கொஞ்சம் ராவி, இரண்டு குழாயையும் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தைக் குறுக்கே வைத்து ஆடுகிறதா என்று பார்ப்பேன். ஆடினால் திரும்ப ராவுவேன். கனகசபை ஐயா எதிர்க்கட்சியில் இருந்துகொண்டே எனக்கு வியர்வை துடைக்கத் துவாய் தந்தார். "நல்லா மட்டம் வந்திட்டுது, இனி விடும்" என்று தானே சொன்னார். நில அளவைக்காரரால் மட்டத்தைப் பற்றிப் பொய் சொல்ல முடியவில்லை.

புதிதாக இன்னொரு கேஸ்கட் தட்டி, பூட்டி, இறுக்கி, ஸ்க்ரூவை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். சாவி திரும்பியது. எஞ்சின் பிடித்தது. காலை எடுத்தோம். மெல்ல, சீராக, பூனை உறங்குகிற மாதிரி ஓடியது. டொக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, "சுத்தமான மூச்சு" என்றார்.

பிலோமினா மிஸ்ஸின் பரீட்சை பாக்கி. கனகசபை ஐயாவைக் குடையோடு கேட்டடியில் நிற்க வைத்தேன். டொக்டரம்மா காரைக் கொண்டுபோய் நிறுத்தி அடையாள அட்டையை நீட்டினார். மனுசன் எவ்வளவு நேரம் வாசித்தார் தெரியுமா? பெயரை எழுத்துக் கூட்டினார். பிறந்த திகதியைப் பற்றிச் சந்தேகம் கேட்டார். குடையைச் சுருக்கி விரித்தார். எஞ்சின் அணையும் அணையும் என்று காத்திருந்தார். அது அணையவில்லை. கடைசியில் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "போங்கோ டொக்டர்" என்றார். குரல் உடைந்திருந்தது. அந்த நேரம் எனக்கு என் கையின் மேலேயே கோபம் வந்தது.

பம்பலப்பிட்டியில் ஒரு நோயாளிக்கு ஊசி போட வேண்டும், காரை அதில் பார்த்துவிடலாம் என்றார் டொக்டரம்மா. மீன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலி வீதியில் அதே சாவடி. ஸ்டீயரிங்கில் அவருடைய விரல்கள் வெளுத்திருந்ததைப் பார்த்தேன்.

"அவன்தான்" என்றார் மெல்ல. "துவக்கு நீட்டினவன்."

அவனும் காரை அடையாளம் கண்டுகொண்டான். பச்சைக் கார் கிட்ட வரும்போதே கை துவக்கின் மேல் இறுகியது. மீசை முளைக்காத முகம். டொக்டரம்மா மெல்ல, மிக மெல்ல நிறுத்தினார். எஞ்சின் சிணுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அட்டைகளை வாங்கினான். என்னுடையதில் அட்டன் என்று இருந்ததைப் பார்த்து ஏதோ கேட்டான். நான் சொன்ன பதில் கேட்காமல், தலையை ஒரு பக்கம் திருப்பி, மற்றக் காதைக் காட்டினான். முகம் வலியில் சுருங்கியது.

டொக்டரம்மா அவனை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் செய்த காரியத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். காலையிலிருந்து அணையாமல் இருக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்த எஞ்சினை, சாவடியின் நடுவில், தன் கையாலேயே!

"மல்லி, கன ரிதெனவாத?" என்று கேட்டார். தம்பி, காது நோகுதா?

அவன் திகைத்துப்போனான். சாவடியில் அவனைத்தான் யாரும் கேள்வி கேட்பதில்லையே. கடலில் குளித்த பிறகு பல நாளாகக் காது அடைத்திருக்கிறது, நோகிறது, கேட்பதில்லை, மேலதிகாரி ஐயாமாரிடம் சொன்னால் ஏசுவார்கள் என்று சின்னக் குரலில் சொன்னான். டொக்டரம்மா கதவைத் திறந்து இறங்கினார். அவனைக் குனியச் சொன்னார். பையிலிருந்து சின்ன டோர்ச்சை எடுத்துக் காதுக்குள் பார்த்தார். பின்னால் நின்ற வாகனங்கள் ஒன்றும் ஹோர்ன் அடிக்கவில்லை. துவக்கு வைத்திருக்கிறவனைக் காதைப் பிடித்துக் குனிய வைத்திருக்கும் கிழவியிடம் யார் ஹோர்ன் அடிப்பான்?

"உள்ளுக்குச் சீழ் வைச்சிருக்கு" என்று ஏறும்போது என்னிடம் சொன்னார். "அண்டைக்கு நான் கத்தினது இவனுக்கு எப்பிடிக் கேக்கும்?"

சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்தது. அவர் கையைப் பார்த்தேன். அது ஆடாமல் கியரைப் போட்டது. அவன் வழி விட்டு, நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்தான்.

கொஞ்சத் தூரம் போனதும் தனக்குத்தானே கதைப்பதுபோலச் சொன்னார்: "நாளைக்குச் சொட்டு மருந்து கொண்டுவந்து குடுக்க வேணும். ஒரு கிழமைக்கு விட்டுப்போட்டுத் திரும்பப் பாக்க வேணும். சீழ் வத்தாட்டில் இன்னொரு மருந்து மாத்த வேணும்."

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப திங்கக்கிழம கார் பாக்க வர்றவருக்கு என்னங்க சொல்றது?"

அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கார் சுகமில்லை எண்டு சொல்லிவிடுங்கோ" என்றார்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டு அதற்காகவே வெள்ளவத்தைக்குப் போனேன். வந்தவர் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டு, "நல்லாத்தானே ஓடுது?" என்றார். நான் உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டி, இது தேறாத கேஸ் என்றேன். பக்கத்தில் நின்ற கனகசபை ஐயா, மாம்பழப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "மகா மோசம்" என்றார்.